ஏழு மாதம், ஐந்து டியூப், ஒரு பூஞ்சை

ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் பதினாறு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். ஆகவே மஞ்சளை உடம்பில் எந்த இடத்தில் போடக் கூடாது என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. போட்டுப் பார்த்துப் பட்டவள் என்கிற உரிமையும் அதில் சேர்த்தி.

பெண்ணுறுப்பில் வந்த பூஞ்சைத் தொற்றைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். கூச்சமாக இருக்கிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம் என்று சொல்ல நினைத்தேன். ஆனால் கூச்சப்படுகிறவர்களுக்குத்தான் இது அதிகம் தேவைப்படும். நானும் அந்தக் கட்சிதான். ஏழு மாதம் கூச்சப்பட்டே புண்ணாகிப் போனவள்.

மூன்று வருடத்துக்கு முன்னால், மாசிக் கடைசி. புது மஞ்சள் வரத்து தொடங்கி மண்டியில் நிற்க இடமில்லாத நேரம். கடைவாய்ப் பல் சொத்தையாகி ஒரு பக்கக் கன்னம் பன் மாதிரி வீங்கிவிட்டது. பல் டாக்டர் ஏழு நாளைக்கு ஆன்டிபயாட்டிக் எழுதினார். வீக்கம் வற்றியது, பல்லைப் பிடுங்கியாயிற்று, சரி, தொல்லை விட்டது என்று இருந்தேன். மாத்திரை முடிந்து மூன்றாம் நாள் அரிப்பு ஆரம்பித்தது.

அரிப்பு என்றால் சொறிந்தால் அடங்குகிற அரிப்பு இல்லை. ஏலம் நடக்கும்போது எதிரே நாலு வியாபாரிகள் நிற்பார்கள். அசையாமல் உட்கார்ந்து விரலி எத்தனை மூட்டை, கிழங்கு எத்தனை மூட்டை, குவிண்டால் என்ன விலை என்று எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். அடியில் கட்டெறும்புப் புற்றின் மேல் உட்கார்ந்த மாதிரி இருக்கும். சிறுநீர் போனால் எரிச்சல். அதனால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தேன், எரிச்சல் கூடியது. வெள்ளைப்படுவது எனக்குப் புதிதில்லை, ஆனால் இது வேறு மாதிரி. பால் திரிந்தால் வருமே, அப்படிக் கட்டி கட்டியாக. நாற்றம் ஒன்றும் இல்லை. இந்தக் கடைசி விவரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நான் கோட்டைவிட்டது இதில்தான்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். "உடம்புச் சூடு கண்ணு. வெந்தயத்த ஊறப்போட்டுக் குடி. எளநி குடி. சனிக்கெழம எண்ணெ தேச்சுத் தலைக்கு ஊத்து" என்றார். எல்லாம் செய்தேன். முடி பளபளவென்று ஆனது. அரிப்பு அப்படியே இருந்தது. மண்டியில் சரக்கு தரம் பிரிக்கிற மூத்தவர் ஒருவர், "வேப்பந்தழையும் மஞ்சளும் அரச்சுப் பூசு அம்முணி, காலங்காலமாப் பூசறதுதான்" என்றார். பூசினேன். சொறிந்து சொறிந்து தோல் ஏற்கெனவே உரிந்திருந்த இடம். அன்று ராத்திரி நான் படுக்கவே இல்லை, பின்கட்டில் நடந்துகொண்டே இருந்தேன். மஞ்சளுக்குக் கிருமியை அடக்கும் குணம் ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிக் கிண்ணத்தில் தெரிகிறது, பொய்யில்லை. கண்ணாடிக் கிண்ணத்துக்கு எரியாது.

அப்புறம்தான் மருந்துக்கடை. கவுன்ட்டரில் இருந்தது எங்கள் தெருப் பையன் வயதுள்ள தம்பி. இடத்தைச் சொல்ல வாய் வரவில்லை. "தொடையிடுக்குல அரிப்புங்க தம்பி" என்றேன். "இதப் போடுங்கக்கா, ரெண்டே நாள்ல போயிரும்" என்று ஒரு டியூபை எடுத்து வைத்தான். அவன் சொன்னது சத்தியம். ரெண்டே நாளில் போய்விட்டது. அந்தத் தம்பியைக் கும்பிடலாம் போல இருந்தது. டியூபை நிறுத்தி ஒரு வாரத்தில் திரும்ப வந்தது, முன்னைவிட மோசமாக. மறுபடி டியூப், மறுபடி நிம்மதி, மறுபடி அரிப்பு. மாதவிலக்குக்கு முந்தின வாரம் தாங்க முடியாது, வந்ததும் கொஞ்சம் குறையும். அதனால் இது சூடுதான் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். இப்படியே புரட்டாசி வந்துவிட்டது. ஐந்தாவது டியூப் நடந்துகொண்டிருந்தது.

வீட்டுக்காரரிடம் சொல்லவே நாலு மாதம் ஆனது. தறிப்பட்டறையிலிருந்து அலுத்து வருகிற மனிதர், இதை எப்படிச் சொல்வது என்று தள்ளிப்போட்டேன். அதைவிட, தப்பாக நினைத்துவிடுவாரோ என்கிற பயம். இந்தப் பயத்துக்கு அடித்தளமே கிடையாது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நாலு பெண்களில் மூன்று பேருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது வருகிற தொற்று இது. பாலியல் நோய்க் கணக்கில் இதைச் சேர்ப்பதில்லை. கல்யாணமாகாத பெண்ணுக்கும் வரும்.

கடைசியில் பெருந்துறை ரோட்டில் ஒரு பெண் டாக்டரிடம் அவரே கூட்டிப் போனார். கைப்பையில் இருந்த டியூப் எல்லாவற்றையும் மேஜை மேல் வைத்தேன். நசுங்கினது, பாதி தீர்ந்தது, முழுசு என்று ஐந்து. டாக்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒவ்வொன்றிலும் பொடி எழுத்தைப் படித்தார். ஐந்தும் வேறு வேறு பெயர், உள்ளே கிட்டத்தட்ட ஒரே சரக்கு: கொஞ்சம் பூஞ்சை மருந்து, கொஞ்சம் பாக்டீரியா மருந்து, அதோடு குளோபெட்டசால் என்கிற ஸ்டீராய்டு. தோலில் பூசுகிற ஸ்டீராய்டுகளிலேயே கடுமையான வகையில் ஒன்று அது. சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாதது. டாக்டர் சொல்லாமல் மெல்லிய தோல் உள்ள இடத்தில் போடவே கூடாதது.

சிவப்பு, வீக்கம், அரிப்பு எல்லாம் நம் உடம்பு பூஞ்சையோடு போடுகிற சண்டையின் சத்தம். ஸ்டீராய்டு அந்தச் சண்டையில் நம் ஆளை மட்டும் பிடித்துக் கையைக் கட்டிப்போடுகிறது. சத்தம் அடங்கும். வீடு யாருக்குப் போகும்? தொடையிடுக்கில் தோல் மெலிந்து வெள்ளைக் கோடுகள் விழுந்திருந்தன. பூஞ்சை போய்விட்டது, அந்தக் கோடுகள் இன்னமும் போகவில்லை.

டாக்டர் கேட்டது மூன்று கேள்விகள். சமீபத்தில் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டீர்களா? கர்ப்பத்துக்கு வாய்ப்பு உண்டா? சுகர் எப்போது பார்த்தீர்கள்? மூன்றாவதற்கு என்னிடம் பதில் இல்லை. எங்கள் தெருவுக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' பெண் மாதாமாதம் வருகிறார். எங்கள் திண்ணையில் உட்கார்ந்துதான் மாமியாருக்கு பிரஷர் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். "அக்கா, உங்களுக்கும் ஒரு சொட்டு எடுத்துப் பாத்தர்லாங்களா?" என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார். "எனக்கு என்னுங்க வந்துச்சு" என்று சமையல்கட்டுக்குள் போய்விடுவேன்.

சாம்பிள் எடுத்து அடுத்த கட்டடத்து லேபுக்கு அனுப்பினார்கள். அங்கே நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், எனக்கு நோய் புரிந்தது அங்கேதான். லேபில் இருந்த பெண் கண்ணாடிச் சில்லில் சாம்பிளைத் தடவி, ஒரு சொட்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டாள். அந்தக் காரத்தில் நம் தோல் செல்கள் கரைந்துபோகும், பூஞ்சையின் சுவர் கெட்டி, கரையாது. அதனால் பூஞ்சை மட்டும் தனியாகத் தெரியும். கொஞ்ச நேரம் கழித்து நுண்ணோக்கியில் பார்த்தவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பாக்கறீங்களாக்கா?" என்றாள்.

ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். முதலில் மங்கல். அவள் ஒரு திருகைத் திருப்பினாள். முளைகட்டிய பாசிப்பயறு தெரியுமில்லையா, உருண்டை உருண்டையாக, ஒவ்வொன்றின் ஓரத்திலும் குட்டி முளை தள்ளிக்கொண்டு? அதேதான். அந்தக் குட்டிகள் பெருத்துத் தனியே பிரிந்தால் புது உருண்டை. பிரியாமல் ஒன்றின் நுனியில் ஒன்றாக நீண்டால் கணுக்கணுவாக இழை, கோரைப்புல் வேர் மாதிரி. நடுவில் அப்படி நாலைந்து இழைகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடின. "இந்த உருண்டை மட்டும் இருந்தா பரவால்லீங்கக்கா, நல்லா இருக்கறவங்க உடம்புலயும் இருக்கும். இந்த நூல் வந்துட்டாத்தான் வம்பு" என்றாள். இழையாக மாறும்போதுதான் அது தோலுக்குள் துளைத்துப் போகிறது. அப்போது கேண்டிடாலைசின் என்ற நச்சையும் விடுகிறது என்று 2016-ல்தான் கண்டுபிடித்தார்களாம். ஏழு மாதம் என்னைத் தூங்கவிடாதவனை அன்றைக்குத்தான் முகத்துக்கு முகம் பார்த்தேன்.

அவன் பெயர் கேண்டிடா அல்பிகன்ஸ், ஈஸ்ட் வகைப் பூஞ்சை. லத்தீனில் கேண்டிடா என்றால் வெண்மை, அல்பிகன்ஸ் என்றால் வெளுப்பது. வெள்ளைச்சாமிக்கு வெள்ளியங்கிரி என்று இன்னொரு பெயர் வைத்த மாதிரி. வாயிலும் குடலிலும் பெண்ணுறுப்பிலும் ஏராளமான பேருக்கு ஒரு தொந்தரவும் தராமல் குடியிருக்கும். இட்லி மாவில் பாக்டீரியாவும் ஈஸ்டும் ஒரே சட்டியில் குடித்தனம் நடத்துகின்றன அல்லவா, அப்படித்தான் அங்கேயும். லாக்டோபேசில்லஸ் என்ற பாக்டீரியாக்கள் புளிப்பை உண்டாக்கிக்கொண்டு பெரும்பான்மையாக இருக்கும், ஈஸ்ட் ஒரு மூலையில் கிடக்கும். பல்லுக்குச் சாப்பிட்ட ஆன்டிபயாட்டிக், பல்லில் இருந்த பாக்டீரியாவை மட்டும் தேடிப் போய்க் கொல்வதில்லை, இந்தக் காவல்காரர்களையும் சேர்த்துக் கொன்றுவிடும். ஈஸ்ட் பாக்டீரியா இல்லை, அதற்கு ஆன்டிபயாட்டிக்கால் ஒன்றும் ஆகாது. காலி வீடு கிடைத்தால் விடுமா?

ஆனால் எல்லாருக்கும்தான் ஆன்டிபயாட்டிக் கொடுக்கிறார்கள், எனக்கு மட்டும் ஏன் ஏழு மாதம்? அதற்குப் பதில் சாயங்காலம் வந்தது. வெறும் வயிற்றில் 171. சாப்பிட்ட பின் 264. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் HbA1c 8.7 சதவீதம். சர்க்கரை நோய் வந்து எத்தனை நாளானதோ தெரியாது. ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் சிறுநீரிலும் உறுப்பின் ஈரத்திலும் ஏறும். ஈஸ்டுக்கு அது விருந்து. எதிர்த்துச் சண்டை போடும் வெள்ளை அணுக்களும் மந்தமாகிவிடும். நான் மருந்துக்கடையில் கேட்டதெல்லாம் அரிப்புக்கு. அரிப்பு எதற்கு வருகிறது என்று ஒரு தடவைகூட யாரிடமும் கேட்கவில்லை.

2021-ல் கரும்பூஞ்சை என்று நாடே பதறியது ஞாபகம் இருக்கும். அது ஈஸ்ட் இல்லை, மியூகர் வகைப் பூசணம், உயிரை எடுப்பது. என்னுடையதோடு ஒப்பிட முடியாது. ஆனால் அதற்கும் கதவைத் திறந்துவிட்டவை பெரும்பாலும் இதே ரெண்டுதான், கட்டுப்படாத சர்க்கரையும் அளவில்லாத ஸ்டீராய்டும். அப்போது செய்தியை ஒன்றுவிடாமல் படித்தவள் நான். என் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது மட்டும் கண்ணில் படவில்லை.

வைத்தியம் கதையளவுக்குப் பெரிதில்லை. முதல் தடவை சாதாரணமாக வந்தால் ஃப்ளூகோனசோல் 150 மில்லிகிராம் ஒரே மாத்திரையோ, சில நாள் உள்ளே வைக்கும் க்ளோட்ரிமசோல் மாத்திரையோ போதும். எனக்குச் சர்க்கரை இருந்ததால் மூன்று நாளைக்கு ஒன்றாக மூன்று மாத்திரை. வருடத்தில் மூன்று நாலு தடவைக்கு மேல் வருகிறவர்களுக்கு வாரம் ஒன்றாக ஆறு மாதம்கூடக் கொடுக்கிறார்கள். டியூபுகள் அன்றைக்கே குப்பைக்குப் போயின. ரெண்டாவது மாத்திரைக்கு மறுநாள் ராத்திரி முழுக்கத் தூங்கினேன். விடிந்து ஏழரைக்கு எழுந்தால் வீட்டுக்காரரே காபி போட்டு வைத்திருந்தார். எழுப்ப மனசில்லையாம்.

மாத்திரைப் பெயரைச் சொல்லிவிட்டேன் என்பதற்காக இதைக் காட்டிக் கடையில் வாங்கிவிடாதீர்கள். கர்ப்பமாக இருப்பவர்கள் ஃப்ளூகோனசோல் விழுங்கக் கூடாது, அவர்களுக்கு உள்ளே வைக்கும் மாத்திரைதான், அதுவும் டாக்டர் சொல்லி. சர்க்கரைக்கு கிளிமிபிரைடு சாப்பிடுகிறவர்கள் இதையும் சேர்த்து விழுங்கினால் சர்க்கரை தாறுமாறாக இறங்கி மயக்கம் வரலாம். ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் வார்ஃபரினோடும் ஒத்துப்போகாது. சீட்டு எழுதும்போது உங்கள் மாத்திரைப் பை முழுவதையும் மேஜையில் கொட்டுங்கள், நான் டியூபைக் கொட்டின மாதிரி.

கணவருக்கு மருந்து வேண்டுமா என்று கேட்டேன். அவருக்கு ஒன்றும் இல்லையென்றால் வேண்டாம் என்றார் டாக்டர். வெளியே வந்த பிறகுதான் அவர் தயங்கித் தயங்கி, தனக்கும் முன்தோலில் சிவந்து வெடிப்பு இருக்கிறது, ரெண்டு மாதமாகத் தேங்காயெண்ணெய் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்றார். ரெண்டு பேரும் ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டு ஒரே வீட்டில் ஒரே தொந்தரவோடு இருந்திருக்கிறோம். திரும்ப உள்ளே போனோம். ஆண்களுக்கு அந்த வெடிப்பு சர்க்கரையின் முதல் அறிகுறியாகவும் இருக்கும் என்று அவருக்கும் பரிசோதனை எழுதினார். நல்லவேளை, அவருக்கு இல்லை.

பழக்கத்தில் நான் மாற்றியது ரொம்பக் கொஞ்சம். உள்ளே சோப்பு போட்டுக் கழுவுவதை நிறுத்தினேன். வாசனைத் திரவம், டெட்டால், எலுமிச்சைச் சாறு எதுவும் கிடையாது, வெளியே மட்டும் வெறும் தண்ணீர், அப்புறம் துடைத்து ஈரம் போக்குவது. முன்னாலிருந்து பின்னால் கழுவுவது. தண்ணீர் நிறையக் குடித்து, கோடவுனுக்குப் பின்னால் இருக்கிற கழிவறைக்கு வெட்கப்படாமல் எழுந்து போவது. பாலியெஸ்டர் பாவாடையை விட்டுப் பருத்திக்கு மாறியது. இதில் ஒரு வேடிக்கை. நாற்பது ஐம்பது கிலோமீட்டரில் திருப்பூர், உலகத்துக்கே பருத்தி உள்ளாடை தைத்து அனுப்புகிற ஊர். நான் வாங்கிக்கொண்டிருந்தது ரோட்டோரக் கடையில் குவித்து விற்கும் நைலான் சரக்கு, விலை மலிவு என்று.

இட்லி தோசையை நிறுத்து, அதில் ஈஸ்ட் இருக்கிறது என்று நாத்தனார் சொன்னார். டாக்டர் சிரித்துவிட்டார். மாவில் இருப்பதும் கள்ளில் இருப்பதும் ரொட்டியில் இருப்பதும் வேறு சாதி ஈஸ்ட். இட்லியைச் சர்க்கரைக்காகக் குறைத்தேன், ஈஸ்டுக்காக இல்லை.

இத்தோடு கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுத்த வருடம் சர்க்கரை டாக்டர் மெட்ஃபார்மினோடு டாபாகிளிஃப்ளோசின் என்று ஒரு மாத்திரை சேர்த்தார். 2020-க்கு அப்புறம் நம் நாட்டில் இது மலிவாகி நிறையப் பேருக்கு எழுதுகிறார்கள். நல்ல மாத்திரைதான், இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் பாதுகாப்பு. ஆனால் அது வேலை செய்யும் விதத்தைக் கேளுங்கள்: ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியே தள்ளுகிறது. அதாவது நான் எந்த இடத்தில் சர்க்கரை சேரக் கூடாது என்று பாடுபட்டேனோ, அதே வழியாக. ரத்தத்தில் 110, 120 என்று அழகாக இறங்கியது. மூன்றாவது வாரம் பழைய ஆள் வந்துவிட்டான்.

இந்தத் தடவை ஏழு மாதம் இல்லை, ரெண்டு நாள். மாத்திரை அட்டையோடு போய் நின்றேன். முன்னமே சொல்லியிருக்கலாமே என்று கொஞ்சம் கோபத்தோடுதான் கேட்டேன். ஒவ்வொரு தடவை சிறுநீர் போன பிறகும் தண்ணீரால் கழுவித் துடைத்துக்கொண்டால் பலருக்கு இது வராமலே போகும், வந்தாலும் பூஞ்சை மருந்துக்கு அடங்கிவிடும், இந்த மாத்திரை உங்களுக்கு இப்போதைக்கு அவசியம் இல்லை, வேண்டுமானால் மாற்றித் தருகிறேன் என்றார். எனக்கு மாற்றிக்கொடுத்தார். என் அண்ணனுக்கு இதயக் கோளாறு, அவருக்கு அதே மாத்திரை மாற்றாமல் தொடர்கிறது, கழுவுகிற பழக்கத்தோடு. நீங்களும் நிறுத்த நினைத்தால் கேட்டுவிட்டு நிறுத்துங்கள். எந்த வகைப் பூஞ்சை என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரும் அப்போது வைத்தார்கள், ஏனென்றால் திரும்பத் திரும்ப வருவது சிலசமயம் கிளாப்ராட்டா என்ற வேறு வகையாக இருக்கும், அது ஃப்ளூகோனசோலுக்கு அவ்வளவு சீக்கிரம் மசியாது. எனக்கு அதே அல்பிகன்ஸ்தான்.

ஒருமுறை கண்ணில் பட்ட பிறகு எங்கே பார்த்தாலும் அவன்தான். மாமியார் நூல் மில்லில் வேலை பார்த்தவர், இப்போது இளைப்புக்கு இன்ஹேலர் இழுக்கிறார். சோறு ருசிக்கவில்லை, நாக்கில் மாவு பூசின மாதிரி இருக்கிறது என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். அண்ணத்தில் வெள்ளைத் திட்டு, வழித்தால் அடியில் சிவப்பு. இன்ஹேலரில் இருப்பதும் ஸ்டீராய்டுதான், இழுத்த பிறகு வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள், அவர்தான் "தண்ணி தொண்டைக்கு ஆவாது" என்று விட்டிருக்கிறார். நிஸ்டாட்டின் சொட்டு கொடுத்தார்கள். அந்த மருந்தை 1950-ல் உலகத்துக்குக் கொடுத்தவர்கள் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற ரெண்டு அமெரிக்கப் பெண்கள். ஒருவர் ஓர் ஊரில், மற்றவர் இன்னோர் ஊரில், சாம்பிளைத் தபாலில் அனுப்பி அனுப்பியே கண்டுபிடித்தார்கள். அதுவும் ஒரு மாட்டுப்பண்ணை மண்ணில் இருந்த நுண்ணுயிரிலிருந்து. மாமியாரிடம் இதைச் சொன்னபோது மருந்தைவிட மாட்டுப்பண்ணைதான் அவருக்குப் பிடித்திருந்தது. இப்போது காலையும் மாலையும் முருங்கை மரத்தடியில் நின்று தெருவே கேட்கிற மாதிரி கொப்பளிக்கிறார்.

எங்கள் மண்டிக்குப் பக்கத்தில் மெஸ் நடத்துகிற அக்காவுக்கு நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையில் வெளுத்து ஊறி வெடித்திருக்கும். நாள் முழுக்கத் தண்ணீரில் கை வைக்கிறவர்களுக்கு வருகிற சேற்றுப்புண், கையில். அதுவும் பல நேரம் கேண்டிடாதான். கையைத் துடைத்து உலர வைக்க நேரம் கிடைத்தால் பாதி வைத்தியம் முடிந்தது, ஆனால் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவருக்கு ஏது நேரம். நாத்தனார் மகள் திருப்பூர் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறாள், விடுதியில் எட்டுப் பேருக்கு இடுப்பில் படர்தாமரை, எல்லாரும் பூசுவது என்னுடைய அதே மாதிரி டியூப். படர்தாமரை ஈஸ்ட் இல்லை, அது வேறு பூஞ்சை, துண்டு மாற்றிப் பயன்படுத்தினால் ஒட்டுவது. ஆனால் இந்தக் கலவை டியூப்கள் அதைச் சட்டென்று தீராத நோயாக்கி நாடு முழுக்கப் பரப்பிக்கொண்டிருக்கின்றன என்று தோல் டாக்டர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். டியூபில் 'சோல்', 'சால்' என்று முடியும் பெயர் எல்லாமே பூஞ்சை மருந்து இல்லை. குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று பொடி எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், அவை ஸ்டீராய்டு.

நடுவில் ஒருநாள் குடும்ப வாட்ஸாப்பில் 'புதிய பூஞ்சை, மருந்தே இல்லை' என்று ஒரு செய்தி வந்து எல்லாரும் என்னை டாக்டராக்கிக் கேட்டார்கள். அது கேண்டிடா ஆரிஸ், 2009-ல் ஜப்பானில் ஒரு மூதாட்டியின் காதில் கண்டுபிடித்தது, ஆரிஸ் என்றால் காது. நிறைய மருந்துகளுக்கு அடங்காதது என்பது உண்மைதான். ஆனால் அது பெரும்பாலும் தீவிர சிகிச்சையில், குழாய் பொருத்திப் படுத்திருப்பவர்களைத் தாக்குவது. அரிப்புக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று பதில் போட்டேன்.

இப்படி ஆளாளுக்குச் சொல்லிக்கொடுத்து எனக்கே கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்த நேரம். போன தை மாதம், மண்டியில் தரம் பிரிக்க வருகிற பெண் ஒருத்தி, முப்பது வயது இருக்கும், மூட்டைகளுக்கு நடுவில் என்னைத் தனியாக நிறுத்தினாள். "அக்கா, எனக்கும் உங்களாட்டவே வெள்ளப் படுதுங்க. அந்த மாத்திரை பேரு என்னுங்க?" நான் அவளுக்குப் பாடமே நடத்தினேன். ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டாயா, சுகர் பார்த்தாயா, கர்ப்பமா, டியூப் ஏதாவது போட்டாயா என்று அத்தனையும் கேட்டேன். எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள். மாத்திரைப் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொடுத்தேன். மேலே உங்களைச் செய்யாதீர்கள் என்றேனே, அதையேதான்.

பத்து நாளாகியும் குறையவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போயிருக்கிறாள். அங்கே டாக்டர் நிறம் மாறும் காகிதத்தில் தொட்டுப் பார்த்தாராம். புளிப்பு குறைந்திருந்தது. பூஞ்சை வந்தால் பொதுவாகப் புளிப்பு அப்படியேதான் இருக்கும். குறைந்தால் ஆள் வேறு. இவளுக்கு வந்தது பாக்டீரியாத் தொற்று, மீன் நாற்றம் அடிப்பது. மெட்ரோனிடசோல் கொடுத்து ஒரு வாரத்தில் சரியானது. என் மாத்திரை அதன் பக்கத்தில்கூடப் போயிருக்காது.

அடுத்த நாள் விரலியைப் புடைத்துக்கொண்டே, நிமிராமல் கேட்டாள்: "ஏனுங்கக்கா, அத்தன கேள்வி கேட்டீங்க, நாத்தம் அடிக்குதான்னு மட்டும் கேக்கவே இல்லீங்களே?"

கேட்கவில்லைதான்.